ஈயக் குண்டும் அதன் மேற்பூச்சும்

பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசும் வழக்கத்தை நம்முள் அறியாதார் இலர். புளியும் உப்பும் பித்தளையிலுள்ள செம்பைத் தின்று உணவைக் கெடுத்துவிடாதபடி, வெள்ளீயத்தாலாகிய மெல்லிய தோலொன்று இடையே நின்று நம்மைக் காக்கின்றது. ஈண்டு நாம் ஆராயப் புகுவது இதற்கு மறுதலையானதொரு செய்தி. இங்கே ஈயம் பூசும் பொருளன்று, பூசப்பெறும் பொருள். அதுவும் வெள்ளீயமன்று, காரீயம். இலக்கு நோக்கிச் சுடும் பந்தயங்களில் வழங்கும் கைத்துப்பாக்கிக்குரிய காரீயக் குண்டுகளின்மேல் இக்காலத்தார் ஒருவகைச் செயற்கைப் பிசினைப் பூசிப் பயன்படுத்துகின்றனர். அப்பூச்சு செய்யும் உதவி யாது, செய்ய இயலாதது யாது என்னும் இரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னதை மட்டும் அறிந்து பின்னதை அறியாதார் தமக்கும் தம் மனையிலுள்ள குழந்தைகளுக்கும் கேடு தேடிக்கொள்வர்.

முதலில் இக்குண்டுகள் மிகுதியாக வழங்கும் இடத்தைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 'புல்ஸ்ஐ' எனப்படும் கைத்துப்பாக்கிப் பந்தயம் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. ஒஹாயோ மாகாணத்தில் ஈரி ஏரியின் கரையிலுள்ள கேம்ப் பெர்ரி என்னுமிடத்தில் 1907-ஆம் ஆண்டு முதல், இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, இதற்கான தேசியப் போட்டிகள் நிகழ்ந்து வருகின்றன. நின்ற நிலையில், ஒரே கையால் துப்பாக்கியை நீட்டிப் பிடித்துச் சுடுதல் வேண்டும். 50 கஜ தூரத்திலுள்ள இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டரே. நிதானச் சுடுகையில் பத்துக் குண்டுகளுக்குப் பத்து நிமிஷம் உண்டு. விரைவுச் சுடுகையிலோ, 25 கஜ தூரத்தில், ஐந்து குண்டுகளையும் பத்தே வினாடிகளுக்குள் சுட்டு முடித்தல் வேண்டும். முழுப் போட்டியொன்றில் ஒருவர் சுடும் குண்டுகள் 270. பயிற்சியையும் சேர்த்து எண்ணினால் ஆண்டொன்றுக்கு ஆயிரக்கணக்கில் குண்டுகள் வேண்டப்படும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பத்து வினாடிகளில் ஐந்து முறை சுடுபவர் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றிக்கொண்டிருத்தல் இயலாது. ஆகலின், தானே மறுதோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியையே பெரும்பாலோர் கைக்கொள்வர். ஜான் பிரௌனிங் என்பார் வகுத்து, அமெரிக்கச் சேனை 1911-இல் ஏற்றுக்கொண்ட 0.45 அங்குலத் துப்பாக்கி இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றது. வெடியின் பின்னுதைப்பினால் அதன் மேற்பாகம் பின்னோக்கி நகர்ந்து, காலியான பித்தளைக் கூட்டை வெளியே எறிகின்றது. பின்னர்ச் சுருள்வில்லின் விசையால் முன்னோக்கி வந்து, பிடியினுள் இருக்கும் தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக் குழலின் அறைக்குள் புகுத்துகின்றது. விசையை இழுத்தலொன்றே மனிதனுக்கு எஞ்சிய வேலை. இவ்வளவும் தடையின்றி நிகழவேண்டுமாயின், தோட்டாக்கள் யாவும் ஒரே அளவினவாகவும், வழியில் ஒட்டாதனவாகவும், அழுக்குச் சேர்க்காதனவாகவும் இருத்தல் வேண்டும். இந்நிபந்தனையை மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு மீளுவோம்.

இனி, குண்டுக்கு ஈயத்தையே ஏன் தேர்ந்தனர் எனின், அதன் குணங்களே காரணம். நீரினும் பதினோரு மடங்குக்கு மேற்பட்ட கனம் உடையது. ஆகவே சிறிய உருவிற் பெரிய எடை அடங்கும். 327 பாகை சென்டிகிரேட் உஷ்ணத்தில் உருகுவது. ஆகவே எளிதில் வார்க்கலாம். மென்மையானது, ஆகவே குழலின் உட்புறத்துள்ள திருகுவரிகளில் அழுந்திப் பொருந்தி, அவற்றின் வழியே சுழன்று செல்லும். இச்சுழற்சியே குண்டு நேர்வழி தவறாமற் செல்லக் காரணம். மேற்கூறிய துப்பாக்கியில் திருகுவரி 16 அங்குல நீளத்திற்கு ஒருமுறை சுற்றுவது. இலக்குச் சுடுதற்குரிய 13 கிராம் ஈயக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்தில் வெளிவருமாயின், அது வினாடிக்கு அறுநூறு முறை அளவிற் சுழலும் என்று எளிய கணக்கால் அறியலாம். இவ்வளவு வேகமாய்ச் சுழலும் பொருளின் ஒரு பக்கம் சிறிது சிதைந்திருந்தாலும் அது தள்ளாடும் என்பதைப் பம்பரம் விட்ட சிறுவர் யாவரும் அறிவர்.

ஈயத்தின் மென்மை குணமாவது போலவே குற்றமுமாகின்றது. வெடிமருந்து எரிந்தெழும் வாயு இரண்டாயிரம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. குண்டு குழலினுள் இருக்கும் காலம் ஒரு வினாடியில் ஆயிரத்திலொரு பங்களவே. எனினும், குண்டுக்கும் குழலுக்கும் இடையே சிறு வெளி இருப்பின், வாயு அதனூடே பாய்ந்து குண்டின் ஓரத்தை அரித்து, உருகிய ஈயத்தைக் குழலின் சுவரில் அப்பிவிடும். அப்பிய ஈயத்தின்மேல் அடுத்த குண்டு உராய்ந்து மேலும் அப்பும். சிறிது நேரத்தில் திருகுவரிகள் தூர்ந்துபோகும். குண்டுகள் இலக்கில் சிதறிப் பாயும். ஈயம் மிகுதியாகப் படிந்தால் வாயுவின் அழுத்தமும் அளவு கடந்து அபாயம் நேரலாம்.

இதனைத் தடுக்க மக்கள் பண்டு தொட்டே குண்டுக்கும் குழலுக்கும் இடையில் ஏதேனும் ஒன்றை வைத்து வந்தனர். கொழுப்புத் தடவிய காகிதம் அவற்றுள் ஒன்று. 1853-ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கித் தோட்டாவின் காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்னும் பேச்சு வட இந்தியச் சிப்பாய்களிடையே பரவி, 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று என்பதைச் சரித்திரம் பயிலும் மாணவர் அறிவர். குண்டின்மேல் இட்ட சிறு பூச்சொன்று ஒரு தேசத்தின் வரலாற்றிலேயே இடம்பெற்றது. பின்னர், ஸ்விட்ஸர்லாந்து நாட்டு எடுவார்ட் ரூபின் என்பார் 1882-இல் ஈயத்திற்குச் செப்புச் சட்டையணிந்த குண்டை இயற்றினார். 1884-இல் பிரெஞ்சு நாட்டுப் பால் வியேய் என்பார் புகையில்லா வெடிமருந்தைக் கண்டார். புதிய மருந்தின் வேகத்தை வெறும் ஈயம் தாங்காதாகலின், சேனைகள் யாவும் செப்புச் சட்டைக்கு மாறின.

ஆயின் இலக்குப் பந்தயத்தாருக்கு அத்துணை வேகம் வேண்டுவதில்லை. தாளில் வட்டமான துளையைத் தெளிவாக வெட்டினாற் போதும். பின்னுதைப்புக் குறைந்திருத்தல் நலம். அதன்பொருட்டு மருந்தைக் குறைத்து, அதற்கேற்ப இளகிய சுருள்வில்லையும் பூட்டிக்கொள்வர். இவ்வேகத்திற்கு வார்த்த ஈயமே போதுமானது, விலையும் குறைவு, குழலையும் செம்பைப்போல் தேய்ப்பதில்லை. தூய ஈயம் மிக மெல்லியதாகையால் அதனோடு சிறிது வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து கடினமாக்குவர். நம் போன்ற பத்திரிகைகளை அச்சிட்டுவந்த லைனோடைப் எழுத்துக்களின் உலோகமும் இதே கலவைதான்: நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். அச்சுக்கூடங்கள் அவ்வியந்திரங்களைக் கைவிட்ட காலத்தில், அவ்வெழுத்து உலோகத்தை வாங்கி உருக்கிக் குண்டு வார்த்தவர் அமெரிக்காவிற் பலர். எழுதுகோல் வாளினும் வலிது என்பார். இங்கே எழுத்தே குண்டாயிற்று.

இவ்வார்ப்புக் குண்டுகளின் இடுப்பைச் சுற்றிப் பள்ளமிட்டு, அதில் தேன்மெழுகு முதலியன கலந்த மெழுகை நிரப்புதல் பழைய முறை. அம்முறையில் குறை பல. மெழுகு எரிந்து புகையெழுப்பும். புகை கண்ணையும் இலக்கையும் மறைக்கும். வெயிலில் உருகும், தூசியைப் பற்றும். எரிந்த கரியோடு கூடித் துப்பாக்கியின் நகரும் உறுப்புக்களிலும் தோட்டாப் பெட்டியிலும் கரும்பசையாய்ப் படியும். முன்னே மனத்திற் கொள்ளச் சொன்ன நிபந்தனையை இங்கே நினைவு கூர்க. கையால் ஒவ்வொன்றாய் ஏற்றும் துப்பாக்கி இவ்வழுக்கை ஒருவாறு பொறுக்கும். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி பொறாது. விரைவுச் சுடுகையின் நடுவே ஒரு தோட்டா சிக்கிக்கொண்டால், பல மாதப் பயிற்சியின் பயன் அந்தப் பத்து வினாடிகளிற் குலைந்துபோகும்.

இந்தக் குறையை நீக்கவே பாலிமர் என்னும் செயற்கைப் பிசினாலாகிய பூச்சு எழுந்தது. அதைச் செய்யும் முறை இருவகை. ஒன்றில், இருசாலை முதலிய இரும்புப் பொருள்களுக்குப் பூசும் வர்ணத்தூளைப் போன்ற தூளைக் குண்டுகளோடு ஒரு பாத்திரத்திலிட்டுக் குலுக்குவர். உராய்வினால் எழும் மின்சாரத்தால் தூள் குண்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். மற்றொன்றில், திரவ வடிவான பிசினில் குண்டுகளைப் புரட்டி உலர்த்துவர். இரண்டிலும் பிறகு குண்டுகளை ஏறத்தாழ 200 பாகை உஷ்ணத்தில் அடுப்பிலிட்டுச் சுடுதல் வேண்டும். அவ்வெப்பம் ஈயத்தை உருக்கப் போதாது. பிசினின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னி இறுகச் செய்யப் போதும். இவ்வடுப்பு இவ்வேலைக்கென்றே தனியே வைத்திருப்பதாக இருத்தல் வேண்டும். உணவு சமைக்கும் அடுப்பை இதற்குத் தொடலாகாது.

இவ்வாறு அமைந்த பூச்சு மனித மயிரின் பருமனுக்கும் மேற்படாத மெல்லிய தோல். எனினும் அதன் தொழில் பெரிது. ஈயமும் எஃகும் நேரே உராயாதபடி இடையில் நிற்கின்றது. அதனினும் சிறந்தது, குண்டின் அடிப்பாகத்தையும் மூடி, வெப்பவாயு ஈயத்தைத் தீண்டாமற் காப்பது. சாதாரணச் செப்புச் சட்டைக் குண்டுகளிற் பெரும்பாலானவற்றில் அடிப்பாகம் திறந்திருக்க, இப்பூச்சு நாற்புறமும் சூழ்ந்திருத்தல் கவனிக்கத்தக்கது. புகை குறைகின்றது, பசை சேர்வதில்லை, தோட்டாக்கள் வழுவழுப்பாய் ஏறி இறங்குகின்றன, ஏற்றும்போது விரல்களிலும் ஈயக்கரி படிவதில்லை.

பூச்சு நன்கு அமைந்ததா என்பதை அறிய இரு பரிசோதனைகள் உண்டு. அசிட்டோன் தோய்ந்த துணியால் குண்டைத் தேய்த்தல் ஒன்று. துணியில் வர்ணம் இறங்கினால் பிசின் இறுகவில்லை என்பது தெளிவு. தனிக் குண்டைப் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் தட்டையாக நசுக்குதல் மற்றொன்று. பூச்சு உரிந்து உதிராமல் ஈயத்தோடு சேர்ந்தே விரிதல் வேண்டும். இவ்விரண்டிலும் தேறாத பூச்சு குழலினுள்ளும் தேறாது.

இவ்விடத்தில் பலர் செய்யும் பிழையொன்றைச் சொல்லுதல் வேண்டும். பூச்சிட்டுவிட்டோமாகலின் அளவைப்பற்றிக் கவலையில்லை என்று அவர் கருதுகின்றனர். இது பெருந்தவறு. செப்புச் சட்டைக் குண்டின் குறுக்களவு 0.451 அங்குலமாயின், ஈயக் குண்டுக்கு 0.452 அங்குலம் வேண்டும் என்பது இத்துப்பாக்கியில் வழங்கும் பொதுவிதி. அந்த ஆயிரத்திலொரு பங்கு மிகுதியே வாயு கசியாதபடி அடைக்கும் அடைப்பு. மெல்லிய ஈயத் துண்டொன்றை வெறுங்குழலினூடே தள்ளியெடுத்து, அதன் அளவை நுண்ணளவுக் கருவியால் அறிந்து, அதற்கேற்ற குண்டைத் தேர்தலே அறிவுடையார் செயல். குழலினும் சிறுத்த குண்டுக்கு எவ்வளவு பூசினும் வாயு ஓரத்தில் நுழைந்து பூச்சை எரித்து ஈயத்தை அரிக்கும். பொருத்தமே முதல்; பூச்சு அதற்குத் துணை. துணையை முதலாக எண்ணுவோர் குழலைத் தேய்த்துக் கழுவுவதிலேயே காலம் கழிப்பர்.

தோட்டாவிற் குண்டைப் பொருத்தும்போதும் எச்சரிக்கை வேண்டும். பித்தளைக் கூட்டின் வாய்விளிம்பு கூரியது. அதனைச் சிறிது விரித்துவைத்தே குண்டை இறக்குதல் வேண்டும். அன்றேல் விளிம்பு பூச்சைச் சுரண்டி, ஈயத்தை வெளிப்படுத்திவிடும். இறக்கிய பின் விளிம்பை அளவுக்கு மிஞ்சி நெருக்கினாலும் அதே கேடு. முதலிற் செய்த ஒன்றிரண்டிலிருந்து குண்டைத் திரும்ப இழுத்துப் பார்த்தால் வடு இருப்பின் கண்ணுக்குப் புலப்படும். பூச்சினால் குண்டு சிறிது பருத்திருக்குமாகையால், தோட்டா அறைக்குள் முழுவதும் இறங்குகின்றதா என்றும் காண்டல் வேண்டும். குழலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, அறையில் தோட்டாவை விட்டால் தன் கனத்தாலேயே விழுதலும், கவிழ்த்தால் தானே வெளிவருதலும் வேண்டும். 'ஈயம் பூசினதுபோலவும் இருக்கவேண்டும், பூசாததுபோலவும் இருக்கவேண்டும்' என்னும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை எனலாம்.

இதுகாறும் குழலின் நலத்தைப் பேசினோம். இனிச் சுடுவோரின் நலத்தைப் பேசுவோம். காரீயம் நஞ்சு என்பதில் ஐயமில்லை. உடலினுட் புகுந்த ஈயம் சுண்ணச்சத்தைப்போல நடித்து எலும்பிற் குடியேறும். இரத்தத்திலுள்ளது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும்; எலும்பிலுள்ளதோ பல்லாண்டுகள் தங்கி மெல்ல மெல்லக் கசியும். குழந்தைகளின் வளரும் மூளைக்கு அது இழைக்கும் தீங்கு மிகக் கொடியது. அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் 2021-இல், குழந்தைகளின் இரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருப்பினும் அது கவனத்திற்குரியது என வரையறுத்தனர். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 13 கிராம் குண்டு ஒன்றையும் அந்த 3.5 மைக்ரோகிராமையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்க்கு, எவ்வளவு சிறு துகளும் அலட்சியத்திற்குரியதன்று என்பது புலனாகும்.

பூச்சிட்ட குண்டு இந்நஞ்சைக் குறைக்கின்றது என்பது மெய். ஆனால் நீக்குகின்றது என்பது பொய். காரணம் தோட்டாவின் அடியிலேயே இருக்கின்றது. ஊசி அடித்தவுடன் தீப்பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் சிறு பற்றுமருந்தில், பெரும்பாலும் ஈயத்தின் உப்பாகிய லெட் ஸ்டிப்னேட் என்பது கலந்துள்ளது. அது ஒவ்வொரு வெடியிலும் நுண்புகையாய்ச் சுடுவோரின் முகத்தருகே எழுகின்றது. ஈயமற்ற பற்றுமருந்துகளும் உள. எனினும் பழையதே மிகுதியாக வழங்குகின்றது. அன்றியும், இலக்கிற்குப் பின்னுள்ள தடுப்பில் மோதும் குண்டு, பூச்சோடுகூடச் சிதறித் தூளாகின்றது. ஆகவே, குண்டு எத்துணை அழகிய வர்ணத்தில் மினுங்கினும், சுடுமிடத்தின் காற்றும் தரையும் தூயன அல்ல.

எனவே சில ஒழுக்கங்களைக் கைக்கொள்ளுதல் இன்றியமையாதது. மூடிய சுடுமிடத்தில் காற்று, சுடுவோரின் பின்புறமிருந்து இலக்கை நோக்கி ஓடும்படி அமைந்திருத்தல் வேண்டும். அங்கே உண்ணுதலும் பருகுதலும் புகைபிடித்தலும் கூடா. தரையை உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்கலாகாது. ஈரத்தால் துடைத்தெடுத்தலே தகும். முடிந்தவுடன் கையையும் முகத்தையும் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். சுடும்போது அணிந்த உடையையும் மிதியடியையும் வீட்டினுள் கொண்டுசென்று குழந்தையை வாரி எடுத்தல் ஆகாது; அவ்வுடையைத் தனியே வெளுத்தல் வேண்டும். குழலில் ஈயம் படிந்துவிட்டாற் செப்புக் கம்பிச் சுருணையாற் பொறுமையாய்த் தேய்த்தெடுக்க. காடியும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலந்த நீர் அதை எளிதிற் கரைக்கும் என்று சிலர் சொல்லுவர். கரைப்பது உண்மை, ஆனால் கரைந்து உண்டாவது, இரசாயன மாணவர் ஈயச் சர்க்கரை என்று அறிந்த லெட் அசிடேட். நீரிற் கரைந்த அந்த நஞ்சு, கட்டியாயிருந்த ஈயத்தினும் எளிதாய் உடலிற் சேரும். ஆகலின் அம்முறையை அறவே விலக்குக.

சுருங்கச் சொல்லின், பூச்சு ஒரு நல்ல வேலைக்காரன். குழலைத் தூய்மையாக வைக்கும், துப்பாக்கியைத் தடையின்றி இயங்கச் செய்யும், புகையைக் குறைக்கும், ஈயத்தின் தீங்கில் ஒரு பங்கைத் தடுக்கும். ஆயினும் சரியான அளவின் வேலையை அது செய்யாது. கழுவிய கையின் வேலையையும் செய்யாது. பாத்திரத்திற்கு ஈயம் பூசிய பின்னும் அதைத் தேய்த்துக் கழுவியே சமைக்கும் நம் தாய்மார் இவ்வுண்மையை நன்கறிவர். மனிதன் தன் அறிவால் இயற்றிய ஒவ்வொரு பாதுகாப்பும் அவனுடைய கவனத்திற்குத் துணையேயன்றி அதற்கு மாற்றாகாது என்பதைச் சுடுமிடத்தில் நிற்போரும் மறவாதிருப்பாராக.